எதிர்வீட்டுக்காரரின் முகம்

சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தேசத் தலைவரின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்கான படப்புத்தகமாகப் போட்டார்கள். படங்கள் நான் வரைந்தவை. தக்கலையில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். கூட்டம் வரையும்போது தெரிந்த முகங்களைப் போட்டுவிடுவது வழக்கம். தலைவரை வரவேற்கும் பெண்களில் ஒருத்தி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கடைசிக்கு முந்தின படத்தில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு எதிர்வீட்டுக்காரரின் முகம் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அச்சாகி வந்த பிறகுதான் நானே கவனித்தேன், அந்தச் சின்னத் தாடையையும் ஒரு பக்கம் இறங்கிய இமையையும்.

புத்தகம் அவருடைய மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது நானாக்கும், இல்லியா? எனக்க மொவதான் கண்டுபிடிச்சா."

"தெரியாம வந்துட்டு. அடுத்த பதிப்புல மாத்திருதேன்."

"எதுக்கு மாத்தணும்?" என்று சிரித்தார். "செய்யவேண்டியத செஞ்சவன்தானே. ஆரும் வெளிய சொல்லமாட்டாவ, அவ்வளவுதான்."

குரலில் எந்த வேகமும் இல்லை. கடையில் ஆணி விலை சொல்லும் அதே குரல். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கையால் வரைந்த அசல் படத்தைக் கேட்டார். பதிப்பகத்தில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் கண் என் மேசைக்குப் போனது. படம் அங்கேதான் கிடந்தது. எழுந்து போனார்.

அன்றைக்கே பதிப்பகத்தாரிடம் பேசி, கொலைகாரன் முதுகு மட்டும் தெரியும்படி வேறு படம் அனுப்பினேன். அதற்குள் முதல் பதிப்பு பாதிக்கு மேல் விற்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். போனேன். முன்னறைச் சுவரில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். தலைவரை வெட்டி நீக்கியாயிற்று. துப்பாக்கி பிடித்தவன் மட்டும் நின்றான். நான் அறியாத நான்கு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"வரைஞ்சவரு இவராக்கும்," என்றார்.

நால்வரும் எழுந்து என்னைக் கும்பிட்டார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அதை என் மனைவியிடம்கூட இதுவரை சொல்லவில்லை.