சோத்தாங்கைப் பக்கம் நின்ற ஃபயர்மேன்

1. எஞ்சினுக்கு என்ன கலர்?

"அக்கா, வெள்ளக்காரன் காலத்து ரயிலு. கலர் போட்டு, ஹால் செவுறு அகலத்துக்குப் பெருசாக்கித் தரணும். ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து புதுவீடு மந்திரிக்கிறாரு."

ஆவூரிலிருந்து வந்த ஆரோக்கியராஜ் துணிப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கைக்கு அடக்கமான படம். அதைச் சுவர் அகலத்துக்கு இழுத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகப் போகும். ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வருகிறார். துபாயில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்து வீடு கட்டத் தெரிந்தவருக்கு, ஒரு வாரம் முன்னால் வரத் தெரியவில்லை.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஸ்டுடியோவில் ரீடச்சிங் வேலை எனக்கு. பென்சிலால் நெகட்டிவைத் தொட்டுச் சரிசெய்த காலத்தில் சேர்ந்தவள், இன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுவது, வேட்டி கட்டியவருக்குக் கோட்டு மாட்டுவது, தனித்தனிப் படத்தில் இருக்கும் புருஷன் பெண்டாட்டியை ஒரே சட்டத்துக்குள் உட்கார வைப்பது எல்லாம் நான்தான். அப்படிச் சேர்க்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி ஒருவர் முகத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவோம். எங்கள் தொழிலில் இது வழக்கம். வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்துக்குப் போகும். இதுவரை எந்தப் பெண்டாட்டியும் வந்து கேட்டதில்லை.

பழைய ரயில் படங்களுக்கு இப்போது ஏகக் கிராக்கி. ஹோட்டல்காரர்கள் போனில் இறக்கிக்கொண்டு வருகிறார்கள். திருமயம் பக்கம் ஒரு பேக்கரியில் நாங்கள் போட்டுக் கொடுத்த கரி எஞ்சின் படம் பப்ஸ் அலமாரிக்கு மேலே புகைவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ரயிலில் ஏறியவர் ஒருவரும் அங்கே டீ குடிக்க வருவதில்லை. ஆனாலும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எல்லோரும் எஞ்சினைப் பார்ப்பார்கள். எனக்கோ பக்கத்தில் நிற்கிற ஆட்கள் மேல்தான் கண் போகும். யார் இவர்கள், சாப்பிட்டார்களா, படம் எடுக்கிறேன் நில் என்றதும் என்ன நினைத்தார்கள் என்று குடைந்துகொண்டே இருக்கும்.

ஆரோக்கியராஜ் கொண்டுவந்தது ஆயுதபூஜை அன்று எடுத்த படம். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம். முகப்பில் நம்பர் தெரியாத அளவுக்கு மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை, அவர் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு. துரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ரயில்வே ஆட்கள்.

"இதுல எங்க தாத்தா இருக்காருக்கா. ஃபயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுறவரு. எங்கப்பா வயித்துல இருக்கையிலயே எறந்துட்டாரு. அப்பா அவரு மொகத்தைப் பாத்ததே இந்தப் படத்துலதான்."

"எது தாத்தா?"

"சோத்தாங்கைப் பக்கம் கடைசி ஆளு. எங்க அப்பத்தா சொல்லிட்டுப் போன அடையாளம் அது."

வலது ஓரத்தில் நின்றவர் நல்ல உயரம். மீசையை முறுக்கி, நெஞ்சை நிமிர்த்தி, கம்பீரமாகத்தான் இருந்தார். அந்த முகத்தை மட்டும் எப்போதோ பெரிதாக்கி, வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்களாம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுத்திரி அதற்குத்தான். அப்பா சவரிமுத்து, மகனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே மாதிரி மீசை வைத்திருக்கிறாராம்.

2. ஓணான்

எங்கள் ஓனர் ஏதோ ஒரு ஆப்பில் படத்தைப் போட்டுப் பார்த்தார். துரையின் தொப்பி ரோஸ் கலரில் வந்தது. வாழை இலை நீலமாக வந்தது. "வேணாம் சார், நானே போடுறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஆட்களின் உடுப்பு. கோட்டு மாட்டி மாட்டிப் பழகிய கை என்பதால் பித்தான் பட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். துரையின் கோட்டைப் பெரிதாக்கினேன். மேல் பை வலது நெஞ்சில் இருந்தது. சரி, துரை ஏதோ தனியாகத் தைத்துக்கொண்டார் என்று பக்கத்து ஆளைப் பார்த்தேன். அவருக்கும் வலது நெஞ்சில். அத்தனை பேருக்கும் பை வலது பக்கம், பித்தான் பட்டையும் பெண்கள் சட்டை மாதிரி மாறி விழுந்திருந்தது. ஒரு டெய்லர் தப்பாகத் தைக்கலாம். துரையின் டெய்லரும் கரி அள்ளுகிறவரின் டெய்லருமா சேர்ந்து தப்புச் செய்வார்கள்?

படமே இடம் வலமாகத் திரும்பியிருந்தது. மாலை மூடாமல் எஞ்சின் நம்பர் தெரிந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

மவுஸை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினேன். பைகளெல்லாம் இடது நெஞ்சுக்கு வந்தன. மீசைக்காரர் பீச்சாங்கைப் பக்கம் போய்விட்டார். சோத்தாங்கைப் பக்கம் கடைசியில் வேறொருவர் வந்து நின்றார். குள்ளமான ஆள், மீசை இல்லை, கையில் கரி அள்ளும் ஷவல், வெயிலுக்குச் சுருங்கிய கண். காது இரண்டும் முறம் மாதிரி விரிந்திருந்தது.

அந்தக் காதை நான் காலையில்தான் பார்த்திருந்தேன். ஆரோக்கியராஜின் காது அது.

ஓனரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சகுந்தலாம்மா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. கலரைப் போட்டமா, குடுத்தமான்னு இருங்க."

எனக்கா அது முடியும்? உடனே போன் போட்டேன். ஆரோக்கியராஜ் ஓடி வந்தார். திரையைப் பார்த்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக விஷயம் வந்தது. அப்பத்தா வைத்திருந்த மூலப் படத்தை, சவரிமுத்து கைக்குழந்தையாக இருக்கும்போதே கரையான் தின்றுவிட்டது. பின்னால், திருச்சியில் இருந்த ஒரு டிரைவர் குடும்பத்திடம் கண்ணாடி நெகட்டிவ் இருப்பது தெரிந்து, அதிலிருந்து பிரிண்ட் போட்டு வாங்கியது இந்தப் படம். கண்ணாடியில் மருந்து பூசிய பக்கத்தை மாற்றி வைத்துப் பிரிண்ட் போட்டால் படம் திரும்பித்தான் விழும். படம் வீட்டுக்கு வந்தபோது அப்பத்தாவுக்குப் பார்வை போயிருந்தது. பழைய படத்தின் ஞாபகத்தில்தான், நம்ம சோத்தாங்கைப் பக்கம் கடைசி ஆளு என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பாட்ட சொல்லிறாதீங்கக்கா. தெனம் அந்த மொகத்தைப் பாத்துத்தான் செபம் சொல்றாரு. இந்த வயசுல, நீ கும்புட்டது ஒங்கப்பன் இல்லன்னு எப்புடிச் சொல்றது? பழையபடியே திருப்பிப் போட்டுருங்க."

"தெரிஞ்சே எப்புடித் தம்பி திருப்புறது?"

"தெரியாமத்தானக்கா இத்தன நாளு நல்லாருந்தோம்."

சரி, வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் படத்தைத் திருப்பக் கை வரவில்லை. அப்படியே வைத்துக் கலர் போட்டேன். எஞ்சினுக்குக் கறுப்பு, வாழைக்குப் பச்சை. அந்தக் குள்ளமானவரின் சட்டைக்கு மட்டும் எந்தக் கலரும் ஒட்டவில்லை. கரி அப்பிய சட்டைக்கு என்ன கலர் போடுவது?

3. கண்ணாடி

சனிக்கிழமை ஆரோக்கியராஜ் தகப்பனாரோடு வந்து நின்றார். "கேக்க மாட்டேன்னுட்டாரு. ஃபிரேம் போடுறதுக்கு முந்தி பாக்கணுமாம்" என்றார். நான் எழுந்து மவுஸைப் பிடிப்பதற்குள் பெரியவர் திரைக்கு முன்னால் போய்விட்டார்.

நல்ல முறுக்கு மீசை, பஞ்சு மாதிரி நரைத்தது. வலது கையைத் தூக்கித் திரையின் வலது ஓரத்தைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது.

"எங்கப்பா எங்க போனாரு?"

ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தார். நான் ஓனரைப் பார்த்தேன். ஓனர் டீ சொல்ல வெளியே போய்விட்டார்.

"ஐயா, ஒங்க சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன். தடவிப் பார்த்து இடது நெஞ்சைக் காட்டினார். பழைய படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதுல இருக்குறவங்களுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

ஒவ்வொருவராகப் பார்த்தார். திரையில் இருந்தவர்களையும் பார்த்தார். அவசரப்படவே இல்லை. பிறகு அந்தக் குள்ளமானவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆரோக்கியராஜ் "அப்பா, ஒக்காருங்க" என்றதை அவர் காதில் வாங்கவில்லை.

"ஆத்தாட்ட ஒருதடவ கேட்டேன். அப்பா எப்புடி ஆத்தா இம்புட்டு அழகா மீச முறுக்குவாருன்னு. கண்ணு தெரியாத பொம்பள, சிரியோ சிரின்னு சிரிச்சுச்சு. வெக்கத்துல சிரிக்குதுன்னுல்ல நெனச்சேன்."

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும் தாங்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர்கள் தலை வாரிக்கொள்ள ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடி மாட்டியிருப்போம். அதன் முன்னால் போய் நின்று காதைத் தடவினார். மீசையை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார்.

"வீட்டுல இருக்குற அந்த மீசைப் படத்தைக் கழட்டிரவாப்பா?" என்றார் மகன் மெதுவாக.

"எதுக்குடா? யாரு பெத்த புள்ளையோ, இத்தன நாளு நம்ம செபத்தை வாங்கிக்கிட்டு நமக்குத் தொணையா இருந்துருக்காரு. இருக்கட்டும். பக்கத்துல இவரையும் மாட்டு."

சொல்லிவிட்டு வெளியே இறங்கி எதிர்ச்சாரியில் இருந்த சலூனுக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெளுத்து, முகம் சின்னதாகி, காது மட்டும் பெரிதாகியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, "என்னையும் ஒண்ணு எடுங்க" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழைய படம் வந்தால் எஞ்சினைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், முதலில் ஆட்களின் சட்டைப் பையைப் பாருங்கள். அழகுக்காக யாரையும் திருப்பாதீர்கள். நான் அதற்குப் பிறகு திருப்புவதே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

லைட்டைப் போட்டு, கேமரா வழியாகப் பார்த்தேன். ஷவல் மட்டும்தான் இல்லை. பெரியவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"என்னைய மட்டும் திருப்பிப் போட்டுறாதீங்க தாயி."