பிடித்து வைத்த லைன்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அறுபதுகளில் நடந்தது. எப்போதோ எழுதியிருக்க வேண்டும்... எழுதவில்லை.

போன வாரம் என் பழைய கம்ப்யூட்டரில் புது மோடம் மாட்டினேன். அசையவில்லை. மோடத்தை விற்ற செல்வம் வந்து, கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கர்னல் என்ற மென்பொருள் எழுதிவைத்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மோடம் நல்லாத்தான் இருக்குங்கய்யா. கர்னலைக் கூப்பிட அதுக்கு ஒரு இன்டரப்ட் லைன் வேணும். அதை சவுண்ட் கார்டு பிடிச்சு வச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. நாம என்னடான்னா, பாவம் அந்த மோடத்தை வையுறோம்."

வேலை செய்யாததைத்தானே திட்டுகிறோம்? பிடித்து வைத்திருப்பதை யார் பார்க்கிறார்கள்?

அப்போது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் சூப்பர்வைசர். கையால் இணைப்புக் கொடுக்கும் இரண்டு போர்டு. ஒன்றில் நான், மற்றதில் ஆரோக்கியமேரி. திருச்சிக்கு ஒரே லைன். ஒருவர் பிளக்கைச் செருகினால் மற்றவருக்குக் கிடைக்காது.

கடலை மண்டி முதலாளி ஒருவர் தினமும் காலையில் திருச்சி விலை கேட்பார். பெரிய மனிதர். அவர் கூப்பிடும் முன்பே பிளக்கைச் செருகி வைத்துவிடுவேன். யாரும் பேசாத லைன் — ஆனால் எங்கேஜ்டு!

"திருச்சி கெடைக்கவே மாட்டேங்குது சார். ஜனங்க என்னையத்தான் ஏசுறாங்க" என்பார் மேரி.

"நல்லாப் பாரும்மா" என்பேன்.

புகார்கள் சேர்ந்தன. இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். கம்பி சரி. போர்டு சரி.

"அப்ப யார் மேல தப்பு?"

"அந்தம்மாவுக்குக் கவனம் பத்தாதுங்க சார்."

மேரி தற்காலிக ஊழியர். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அந்த வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

தூக்கம் கெட்ட பிறகு மேலிடத்துக்கு உண்மையை எழுதினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. மேரிக்கு வேலை வரவில்லை. மேரியைத் தேடி விராலிமலைக்கு பஸ் ஏறினேன். ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இங்கிட்டு வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. அங்கிட்டு அந்த இன்ஸ்பெக்டர் கேக்கையில சொல்லியிருக்கலாமுல்ல சார்?"

மேரி ஒரு தட்டில் சாம்பாரை ஊற்றினார். நான் கடை முன்னாலேயே நின்றேன்.

"செத்த தள்ளி நில்லுங்க சார். பின்னால ஆளுக காத்திருக்காக."