பேர் கூப்பிடும்வரை

சரோஜாவைப் பற்றிப் பேச்சு வந்தால் தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஊரிகம் லைன் வீடுகளில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கெட்டி மனசுக்காரி. சுரங்கம் மூடி புருஷன் வேந்தனுக்கு வேலை போன மறுவாரமே பெங்களூர் ரயிலேறி, ஆபீஸ் ஒன்றில் தரை துடைக்கப் போனவள். இருபது வருஷத்துக்கு மேலாக அதே ரயில், அதே தரை. புகழ்ந்த வாய்களில் ஒன்றாவது அவள் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்ததா என்று கேட்காதீர்கள். அவள்தான் சமாளித்துக்கொள்வாளே!

அந்தக் கெட்டித்தனம், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் ஷாஃப்ட் வாசலில் கற்றது. கீழே பாறை வெடித்துச் சங்கு ஊதினால் பெண்கள் அங்கே ஓடிப்போய் நிற்பார்கள். ஆபீஸ்காரர் செத்தவர்களின் பேர்களைப் படித்து முடிக்கும்வரை ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தி அழுதால் மற்றவளுக்குத் தன் வீட்டுப் பேர் காதில் விழாது. பன்னிரண்டு வயதில் அப்பாவுக்காக அப்படி நின்றாள் சரோஜா. அவர் பேர் வந்தபோது அவளுக்கு அழுகையே சரியாக வரவில்லை.

போன ஜூலையில் வேந்தனுக்கு மூச்சு திணறியது. சுரங்கத் தூசி நுரையீரலை எப்போதோ தின்றிருந்தது. அவளும் மகள் மாயாவும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு எழுதிய நர்ஸ், "பேர் கூப்பிடுவோம், நில்லுங்க" என்றாள். சரோஜா ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பின்னால் வந்த ஒரு கும்பல் தலையில் அடித்துக்கொண்டு கதறியது. பைக்கிலிருந்து விழுந்தவனுக்குக் கை முறிவு. டாக்டர் அங்கே ஓடினார்.

"நீயும் போய்க் கத்தும்மா" என்றாள் மாயா.

"சும்மா இருடி. பேரு கூப்டுவாங்க."

கூப்பிட்டார்கள், முக்கால் மணி நேரம் கழித்து. டாக்டர் வேந்தனின் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சீரியஸ்னு யாரும் சொல்லவே இல்லையே" என்று சலித்துக்கொண்டார். உயிர் போயிருந்தது. நீலம் பாய்ந்த உதடு சொல்லாததை ஒரு கூச்சல் சொல்லிவிடுமா? சொல்லியிருக்கும். அதுதான் கொடுமை.

வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே வேந்தனைக் கிடத்தியிருந்தார்கள். மாயா சுவரோரம் நின்றாள். கண்ணில் சொட்டு நீர் இல்லை. எதிர்வீட்டு ஐடா அவள் முதுகைத் தடவி, "இன்னா தைரியம் பாரேன்! அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கா" என்றாள்.

சரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"அழுடி! வாயத் தொறந்து கத்துடி!"

மாயா அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

"ஆஸ்பத்திரில கத்தியிருக்கணும்மா நீ" என்றாள். "நான் அப்பவே சொன்னேன்."