புலி எழுந்து நின்ற வெள்ளிக்கிழமை

ஆம்பூரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தோல் பதனிடுகிற ஒரே ஷாப்பில்தான் வேலை. முதலாளி தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆனால் சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலுக்கு விடுமுறை கிடையாது. ஒருநாள் புரட்டிப் போடாமல் விட்டாலும் கெட்டுப்போகும். அதனால் வெள்ளிதோறும் தெருவின் எட்டு ஆண்களில் முறை வைத்து இரண்டு பேர் போய், மத்தியானம் வரைக்கும் எல்லாக் குழிகளையும் புரட்டிவிட்டு வருவார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் அந்த முறையைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் நாள் குறிப்பார்கள். ஜோசியர் குறிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

வேலூருக்கு சர்க்கஸ் வந்திருந்தது. அதில் புலி உண்டு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கூடாரம் பிரிப்பதற்கு முந்தின கடைசி வெள்ளிக்கிழமை பார்த்து, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முறை வந்தது. நான் அழவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்க எனக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"ரெண்டு பேரு செஞ்சா மத்தியானம் ஆவும். எட்டுப் பேரும் விடியக்காலைல எறங்கினா? எட்டு மணி வண்டிய புடிச்சி எல்லாருமே சர்க்கஸ் போலாமே!"

"லீவு நாள்லயும் எங்கள குழில எறக்கப் பாக்கறியா?" என்றார் எதிர்வீட்டு மாமா. "நான் எதுக்குடா புலியப் பாக்கணும்?"

"நீ பாக்க வேணாம் மாமா. அது உன்னப் பாக்கட்டும்."

தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மா என்னைக் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டிகளும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தாள். ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. அவர்களைக் காணோம். ரயிலின் புகை தெரிந்த பிறகுதான் எட்டுப் பேரும் தண்டவாளத்தை ஒட்டி ஓடிவந்தார்கள். முழங்கால் வரை சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"குளிக்காமக்கூடவா போறீங்க?" என்றாள் அம்மா.

"குளிச்சிட்டு வர்ற வரைக்கும் வண்டி நிக்குமா?" என்று சொல்லிக்கொண்டே அப்பா என்னைத் தூக்கி உள்ளே போட்டார். வேட்டி மாற்றியதெல்லாம் வண்டி கிளம்பிய பிறகுதான்.

பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஆனால் அப்பா உள்ளே போனதும் ஓர் அதிசயம் நடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சரிகை அங்கவஸ்திரம் போட்ட பெரியவர்கூட எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். நாங்கள் ஒன்பது பேரும் தாராளமாக உட்கார்ந்தோம். பெருமை தாங்காமல், எனக்கே வாய் வந்துவிட்டது.

"வாங்க, ஒக்காருங்க. எடம் இருக்குது," என்று அந்தப் பெரியவரைக் கூப்பிட்டேன்.

"வேணாம்பா, இங்க காத்து வருது," என்றார் அவர், அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்தபடி. கரிப்புகைக்காக என்று நினைத்தேன். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

காட்பாடியில் இறங்கி பாலாற்று மணலில் நடந்தோம். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமா மணலில் குட்டிக்கரணம் போட்டு, "சர்க்கஸ் முடிஞ்சிது, எல்லாரும் வூட்டுக்குப் போங்க," என்றார்.

கூடாரத்துக்கு வெளியே கூண்டில் புலி சுருண்டு கிடந்தது. கூட்டம் கைதட்டியும் சீட்டியடித்தும் அசையவில்லை. இதற்கா இவ்வளவும் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கிட்டே போனார். கூட்டம் தானாக விலகியது. புலியின் மூக்கு அசைந்தது. கண் திறந்தது. உடம்பை நீட்டி எழுந்து கம்பி வரை வந்து, அப்பாவையே பார்த்து நின்றது.

"யார்யா நீங்க?" என்றான் கூண்டுக்காரன், வாயைப் பிளந்து.

"அதுக்கு ஒறவுக்காரங்க," என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்பாவப் பாத்தா எல்லாரும் எழுந்துக்கறாங்கம்மா! ரயில்ல பெரியவங்கல்லாம் எழுந்து எடம் குடுத்தாங்க. புலிகூட எழுந்து நின்னுச்சி!"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் வாசனைதான் எனக்கு வீட்டின் வாசனை. எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களுக்கும் அதே வாசனைதான். அவர் குளிக்கப் போவதற்குள், அவர் மடியில் முகம் புதைத்துத் தூங்கிப்போனேன்.