பட்டம் பறந்த மேடு

சாம்பசிவம் எந்த வழியாகப் போனாலும் கொடியில் காயும் துணிகளை ஒரு தரம் நின்று பார்ப்பார். சேலையின் ஓரம் எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு நேரம் தொய்யாமல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்கு இருபது வருடமாகப் பழகிப்போன வேடிக்கை அது.

“என்னாண்ணே, எங்க சீலைக்கெல்லாம் கணக்கு எழுதுறீங்களா?” என்று பாஞ்சாலை கேட்பாள்.

“காத்துக்குத்தாம்மா கணக்கு. சீலை ஒன்னோடதுன்னு நீ சொல்லித்தான் தெரியுது.”

மலாய் மலைநாட்டில் கம்போங் ராஜா ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர் பேக்டரி பிட்டர், இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பறித்து வந்த கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள் அவர் பொறுப்பில் இருந்தன. டீசல் ஊற்றிக் காற்று உண்டாக்குவது உள்ளே அவருடைய வேலை. வெளியே மேட்டில் காற்று சும்மா வீசிக்கொண்டிருந்தது. அது அவருக்குப் பொறுக்காது.

லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைதான் கரண்டு கொடுத்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடும் பெண்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான்.

எழுபத்தொன்பதாம் வருடக் கடைசியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் லோரி நிறைய மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் ஒரு துணிப் பட்டம் இருந்தது. விரித்தால் இரண்டு வீட்டுக் கூரையை மூடும். அதன் கயிறு இரும்பு உருளை ஒன்றில் சுற்றியிருக்கும். பட்டம் ஏறிக் கயிற்றை இழுத்தால் உருளை சுழலும்; உருளையோடு டைனமோவும் சுழன்று கரண்டு வரும். கயிறு தீர்ந்ததும் பட்டத்தை மடக்கி, சின்ன மோட்டாரால் இழுத்து இறக்கி, மறுபடியும் விட வேண்டும். இறக்குவதற்குச் செலவாகும் கரண்டு, வந்ததில் கொஞ்சம்தான். லயத்தில் அந்த இன்ஜினியருக்குப் பட்டத் துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தோட்டத்து ஆபிஸில் அர்ஜுனன் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். சாம்பசிவத்தோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

“பட்டம் விட மேடு வேணும் சாம்பா. மரம், பந்தல் ஒண்ணும் இருக்கக் கூடாது. லயத்துக்குப் பின்னாடி மேடுதான் தோதுன்னு மேனேஜர் சொல்றாரு.”

“அங்க பதினோரு வீட்டுக் காய்கறித் தோட்டம் இருக்கே.”

“ஆறு மாசம்தான்லா. அப்புறம் அவங்ககிட்டயே கொடுத்துடுவாங்க. பட்டம் நல்லா வந்துச்சுன்னா லயத்துக்கு நாலு மணிக்கும் லைட்டு. நீயே போய்ச் சொல்லு. நான் போனா ஆபிஸ் பேச்சும்பாங்க.”

ஆங்கிலத்தில் அடித்த காகிதங்களை எடுத்துக்கொண்டு சாம்பசிவம் வீடு வீடாக ஏறி இறங்கினார். பத்து வீட்டில் சம்மதம் கிடைத்தது. கடைசி வீடு தங்கம்மாவினுடையது. புருஷன் இல்லை, கண் மங்கிப்போய்க் கொழுந்து எடுப்பதையும் நிறுத்தியிருந்தாள். மேட்டில் இருந்த சௌசௌ பந்தலும் நாலு பாத்தி முட்டைக்கோஸும்தான் அவளுக்குச் சோறு. கோலா தெர்லா ஊருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரிக்காரன் வந்து விலைக்கு எடுத்துப்போவான்.

“பந்தல வெட்டிட்டு நான் எதத் திங்கிறது தம்பி?”

“ஆறு மாசம்க்கா. அதுவரைக்கும் எங்க வீட்ல ஒல வச்சா ஒங்களுக்கும் சேத்துத்தான்.”

“ஆறு மாசம்னு இதுல போட்டிருக்கா?”

“போட்டிருக்கு” என்றார் சாம்பசிவம். மோட்டார்களின் மேல் பொறித்திருப்பதைப் படிக்கும் அளவுக்குத்தான் அவருக்கு ஆங்கிலம். அந்தக் காகிதத்தை அவர் படிக்கவில்லை. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் இல்லை.

“நீ சொல்றதாலதான் வைக்கிறேன்” என்று சொல்லித் தங்கம்மா கைநாட்டு வைத்தாள். பந்தலை ஆள் விட்டு வெட்டச் சொல்லவில்லை, தானே வெட்டினாள்.

அந்த ஆறு மாதம் போல் சாம்பசிவத்துக்கு வாழ்க்கையில் வேறு காலம் வாய்க்கவில்லை. உருளையின் பிரேக் அவர் கையில் இருந்தது. காற்று திடீரென்று மாறும்போது பட்டத் துரை கத்துவதற்கு முன்பே அவர் கை பிரேக்கை அழுத்தியிருக்கும். மேட்டில் ஒரு கம்பம் நட்டு பல்பு மாட்டினார்கள். கயிறு ஓடும்போது பல்பு வெள்ளையாக எரிந்தது. பட்டம் இறங்கும்போது மங்கி அணைந்தது.

“என்ன தம்பி, ஒங்க லைட்டு மேடு ஏறுன கிழவியாட்டம் மூச்சு வாங்குது” என்றாள் தங்கம்மா.

“பேட்டரி வச்சா சரியாயிடும்க்கா. மொத பல்பு ஒங்க வீட்டுலதான்.”

ஜூன் மாதம் பட்டத் துரை பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தார். லயத்துக்கு எப்போது லைட்டு என்று சாம்பசிவம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் மலாயையும் கலந்து கேட்டார். துரைக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறிவிட்டது. தான் வந்தது பட்டத்தின் இழுவையை அளந்து பார்க்க மட்டும்தான், லயத்தைப் பற்றித் தன்னிடம் யாரும் பேசவேயில்லை என்றார். மேடு காலியாகக் கிடக்கிறது, நீங்கள் போனதும் கன்று நடப்போகிறோம் என்றுதான் மேனேஜர் தமக்கு எழுதினாராம்.

அடுத்த வாரம் தேயிலைக் கன்றுகள் லோரியில் வந்தன.

சாம்பசிவம் எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் ஆபிஸுக்குப் போனார்.

“ஆறு மாசம்னியேடா.”

“மேட்ட தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டோம்னுதான் அந்தக் காயிதத்துல எழுதியிருந்துச்சு. அஞ்சு வருஷமா மேனேஜர் கேட்டாரு, ஒருத்தரும் விடல.”

“அப்ப என்னைய ஏன்டா அனுப்புன?”

அர்ஜுனன் பேனாவை மூடி வைத்தார். “ஒன்ன நம்புவாங்க சாம்பா. அதான்.”

சட்டையைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றது. தங்கம்மாவிடம் தான் சொன்ன ‘போட்டிருக்கு’ அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை அர்ஜுனன் சொல்லச் சொல்லவில்லை.

பதினோரு வீட்டுக்காரர்களும் தொழிலாளர் சங்கத்தில் முறையிட்டார்கள். காகிதம் தெளிவாக இருக்கிறது, கைநாட்டு வாங்கியவரே வந்து என்ன சொல்லி வாங்கினார் என்று சொன்னால்தான் விசாரிக்க முடியும் என்றார் சங்க அதிகாரி. தங்கம்மா சாம்பசிவத்தைத் தேடி பேக்டரிக்கே வந்தாள்.

“எங்கிட்ட சொன்னத அங்க வந்து அப்படியே சொல்லு தம்பி. கூட ஒண்ணும் வேணாம்.”

“வர்றேங்க்கா.”

வீட்டில் மனைவி ருக்குமணி கேட்டாள்: “வேல போனா வீடும் போகும். கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ண வச்சுக்கிட்டு எந்த ரோட்டுல நிக்கிறது?”

விசாரணைக்குப் போக வேண்டிய காலையில் சாம்பசிவம் பேக்டரியில் ஒரு காற்றாடிக்கு அடியில் படுத்திருந்தார். நன்றாக இருந்த போல்ட் ஒன்றைக் கழற்றினார், முடுக்கினார், மறுபடியும் கழற்றினார். எல்லாரையும் விசாரணைக்கு ஏற்றிப் போக வந்த லோரி வெளியே அரைமணி நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு மிரட்டியிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். யாரும் மிரட்டவில்லை.

மேட்டில் தேயிலை தழைத்தது. தங்கம்மா கம்போங் ராஜாவில் மகள் வீட்டோடு போய், யாருடைய பூப்பண்ணையிலோ பூக்கட்டு கட்டும் வேலையில் சேர்ந்தாள்.

எண்பத்தாறில் வேலை ஓய்ந்த பிறகு சாம்பசிவம் ஒருநாள் அவளைப் பார்க்க அங்கே போனார். தங்கம்மா பூக்களை ஒதுக்கி உட்கார இடம் கொடுத்தாள், காப்பி கலந்து வைத்தாள். கண் மங்கியிருந்தாலும் விரல்கள் நிற்காமல் கட்டிக்கொண்டிருந்தன.

“சொல்ல வந்தத சொல்லு தம்பி” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. டவுனுக்கு வந்தேன், சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

அவள் அடுத்த பூக்கட்டை எடுத்தாள். அவர் காப்பியை முழுசாகக் குடிக்காமல் எழுந்தார்.

மறு வருடம் மார்ச்சில் சாம்பசிவம் இறந்துபோனார். தங்கம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ருக்குமணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“எனக்குன்னு ஏதும் சொல்லிட்டுப் போனாரா?”

ருக்குமணி இல்லையென்று தலையசைத்தாள்.