நாத்தனார் வெட்டாத மரம்

ஆய்வுக்கூடம் முழுக்கப் 'பூஞ்சை அக்கா' என்று அழைக்கப்படும் அந்த அம்மையாரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இலைகளைக் குளிப்பாட்டுவதில் கழிந்தது. இலையை ஸ்பிரிட்டிலும் ப்ளீச்சிலும் முக்கியெடுத்து, மேலே ஒட்டியிருக்கும் கிருமிகளை ஒழித்து, துண்டு துண்டாக நறுக்கிக் கண்ணாடித் தட்டில் வைப்பார். அதற்குப் பிறகும் வெட்டிய விளிம்பிலிருந்து ஏதாவது எட்டிப் பார்த்தால், அது இலைக்குள்ளேயே வாடகை கொடுக்காமல் குடியிருந்த பூஞ்சை.

அப்படி எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர், தாம் சுரந்த பொருளால் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்று காட்டினார். உடனே அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பட்டம் சூட்டி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் ஊட்டி, தட்டு தட்டாக மாற்றி வளர்த்தார்கள்.

மாப்பிள்ளையின் பிறந்த வீடு, அக்காவின் நாத்தனார் கொல்லையில் நின்ற மரம். ஊரிலேயே அந்த வகை அது ஒன்றுதான். வேர் சுவரைப் பிளக்கிறது என்று நாத்தனார் புலம்பிக்கொண்டிருந்தார். பூஞ்சைதான் கைக்கு வந்துவிட்டதே என்ற தெம்பில் அக்கா, "எனக்கு இனிமே வேண்டாம். தாராளமா வெட்டிக்கோ" என்று அருளினார்.

ஓராண்டில் மாப்பிள்ளை நிஜ மாப்பிள்ளையாகவே ஆகிவிட்டார். நன்றாகச் சாப்பிட்டார், பஞ்சுபோல் கொழுத்தார், வேலை மட்டும் செய்யவில்லை. புற்றுச் செல்கள் செழித்தன. இயக்குநர் வந்து பார்த்தார்.

"இந்த மாசத்துக்குள்ள ஏதாவது காட்டுங்கம்மா. இல்லைன்னா இந்த ஆராய்ச்சிய மூடிடலாம்."

தாய்மரத்தை விட்டு வந்த பூஞ்சை சில சமயம் இப்படி முடங்கிவிடும். அந்த மரத்தின் இலைச்சாற்றை உணவில் கலந்தால் எழுந்தாலும் எழும். இது அக்காவுக்குத் தெரியும். தாம் அருளியதும் நினைவிருந்தது. பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்கு ஓடினார்.

கொல்லையில் மரம் முழுசாக நின்றது. அக்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணி இது? எங்கண்ணனக்கூட நீங்க இப்படிக் கட்டிப்பிடிச்சு நான் பாத்ததில்லையே!"

"ஏன்டி இதை வெட்டல?"

"நீங்கதான வெட்டச் சொன்னீங்க? நீங்க சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

ஒரு குடும்பப் பகை விஞ்ஞானத்துக்கு ஆற்றிய தொண்டு இது. கூடை நிறைய இலை ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தது. வெறும் இலைச்சாறு விட்ட தட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இலைச்சாறு குடித்த மாப்பிள்ளையின் சுரப்பை விட்ட தட்டில் செல்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. தட்டில் சாவது வேறு, உடம்புக்குள் சாவது வேறு, மருந்தென்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அக்கா யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி பிழைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. மனசாரச் சொல்றேன். நீ நல்லா இருக்கணும்."

மறுமுனையிலிருந்து பதறிய குரல் வந்தது.

"அண்ணி, உடம்புக்கு என்ன பண்ணுது? அண்ணன்கிட்டக் குடுங்க போன."