றைஹானா ராத்தா தேடிய வீடு

பொத்துவிலில் மகள் வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கடை முதலாளி அழைத்தார். "றைஹானா ராத்தா மவுத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் கல்முனைக்கு வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் நானும் ராத்தாவும் ஒரே துணிக்கடையில் நின்றவர்கள். உங்களில் பலருக்குப் பெருநாள் உடுப்பை அவர்தான் எடுத்துக் காட்டியிருப்பார். அதற்குமுன் லெபனானில் பணிப்பெண்ணாக இருந்தார். அங்கே தெற்கிலுள்ள கடலோர ஊரொன்றில், லயால் என்ற பெண்பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தார். அந்த வருடங்களில் அவருடைய மகன் நிசாரை இங்கே தங்கை வளர்த்தார்.

லெபனானில் குண்டு விழத் தொடங்கியதும் நாங்களும் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தோம். யார் வெல்வார்கள் என்று கதைத்தோம். கட்டாரில் வேலை செய்யும் நிசார், அங்கே விமானம் ஓடுமா, வேலை நிலைக்குமா என்பதே பேச்சு என்றான். லண்டனிலிருக்கும் ராத்தாவின் தங்கை மகள், ஊர்வலத்தில் பதாகையோடு நின்ற படத்தை அனுப்பினாள். ராத்தா மட்டும் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, இடிந்த மாடிகளை உற்றுப் பார்ப்பார்.

"என்ன ராத்தா தேடுறீங்க?"

"செய்தியில ஊரத்தான் சொல்றாங்க. நான் வீட்டத் தேடுறன்."

ஒரு நாள் அந்தத் தெருவே வந்தது. மூலையிலிருந்த ரொட்டிக்கடையை வைத்து அடையாளம் கண்டார். அதற்கு அடுத்ததுதான் லயாலின் வீடு. அங்கே கல்லும் கம்பியுமே கிடந்தன. லயாலின் ஃபோனுக்கு அழைப்புப் போகவில்லை. அரபியில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவளே அழைத்தாள். குடும்பத்தோடு வடக்கே ஒரு பாடசாலையில் தங்கியிருந்தாள். ராத்தா துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். கதைத்து முடிந்ததும் சொன்னார்: "ஒருக்காப் போய் அவட தலைய வாரிப் பின்னிட்டு வந்தாப் போதும் எனக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "நிசார்ட தலைய நான் வாரினதே இல்ல, தெரியுமா" என்றார்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. போர் ஓய்வதும் மூளுவதுமாக இருந்தது. அதற்குள் ராத்தாவின் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாளில், ராத்தாவின் ஃபோனுக்கு லயால் அழைத்தாள். நானும் அங்கே இருந்தேன். ஊருக்கு வந்திருந்த நிசார் தனக்குத் தெரிந்த அரபியில் விஷயத்தைச் சொன்னான், சொல்லும்போதே அழுதுவிட்டான். பிறகு ஸ்பீக்கரில், எங்கள் ஊர்த் தமிழில், லயாலின் குரல் வந்தது.

"அழாத மகள். உம்மா இஞ்சதான் இரிக்கன்."

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அழுத குழந்தையைத் தூக்கிவைத்து ராத்தா சொன்ன வார்த்தைகள். நிசார் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ராத்தாவிடமிருந்து நான் வாங்கிவைத்துக்கொண்டது லயாலின் ஃபோன் இலக்கம். தினமும் கடை திறக்குமுன் அவளை அழைக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் ஸலாம் சொல்கிறேன், அவள் பதில் ஸலாம் சொல்கிறாள். எனக்கு அன்றைய போர்ச் செய்தி அதுதான்.